குங்குமக் கோடுகள்

மனிதகுலம் இதுவரை கண்டுபிடித்த எழுத்துகளிலேயே உயர்ந்தது பார்கோடு. வேதத்தைப் பிழையாக ஓதலாம், சட்டத்தைத் திரித்துப் படிக்கலாம். பார்கோட்டை மட்டும் எந்த மனிதனாலும் தப்பாகப் படிக்க முடியாது, ஏனென்றால் எந்த மனிதனாலும் அதைப் படிக்கவே முடியாது. ஆத்ரேயபுரத்தில் இந்த உண்மையை முதலில் கண்டறிந்து, டீக்கடையில் வெளியிட்டவர் முத்யால கொண்டலராவு. அவர் வீட்டுப் பெட்டிகளில் அச்சான பார்கோட்டை இயந்திரத்தாலும் படிக்க முடியவில்லை என்பது மார்கழிக் கடைசியில்தான் தெரியவந்தது.

கொண்டலராவுக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார். தினமும் காலையில் கால்வாய்க் கரை வரை நடந்து, தோப்பு வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். மீதிப் பொழுதெல்லாம் அவர் மேனேஜிங் டைரக்டர். விசிட்டிங் கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. எதை மேனேஜ் செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் கொல்லைப்புறக் கொட்டகையைக் கையால் காட்டுவார். உள்ளே போக மாட்டார். புகை அவருக்கு ஒத்துக்கொள்ளாது.

கொட்டகை அவர் மனைவி மங்கதாயாருடையது. அதற்குள் ஏழு அடுப்பு. ஒவ்வோர் அடுப்பிலும் வயிற்றில் ஓட்டை போட்ட பானை ஒன்று படுத்திருக்கும்; ஓட்டை வழியே காய்ந்த தென்னோலையைத் தள்ளித் தள்ளி எரிப்பார்கள். ஜயா அரிசியை ஊறவைத்து, வெண்ணெய்போல் அரைத்து, நீர்மோராகக் கரைத்த மாவில் ஒரு முழம் மெல்லிய துணியை நனைத்துப் பானை முதுகின்மேல் ஒரே இழுப்பு. துணி விலகுவதற்குள் மாவு காய்ந்து, வெங்காயத் தோலைவிட மெல்லிய ஏடாகிவிடும்; அதற்குப் பெயர் ரேகு. அதை விரல் நுனியால் உரித்தெடுக்க வேண்டும். கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் கருகிப்போகும். அப்படி எடுத்த ரேகுகளை இரண்டிரண்டாக விரித்து நெய் தடவி, சர்க்கரையோ வெல்லமோ தூவி, முந்திரி வைத்து மடித்தால் பூதரேகுலு. வாயில் போட்டால் இருந்த இடம் தெரியாது. அடுப்பின் முன்னால் உட்காரும் பெண்களுக்கு விரல் ரேகை இருந்த இடமும் தெரியாது. ரேஷன் கடை மிஷினில் சத்தெம்மா பெருவிரலை வைத்தால் இப்படி ஒரு ஆளே இல்லை என்று அது சொல்லிவிடும். கடைக்காரன் பத்து விரலையும் வரிசையாக வைத்துப் பார்த்து, கடைசியில் இடது சுண்டுவிரலுக்கு அரிசி போடுவான்.

மங்கதாயாருடன் சேர்த்துக் கொட்டகையில் ஏழு பேர். அவர்களில் மூத்தவள் சத்தெம்மா. வாய் நீளம், கை சுத்தம். சங்கராந்தி முடிந்ததும் கல்யாண முகூர்த்தம் தொடங்கும் வரை அடுப்புகளில் பாதி ஆறிப்போகும். அப்போது பெண்கள் பீமவரம் பக்கம் இறால் உரிக்கும் கொட்டகைகளுக்குப் போவார்கள். ஐஸ் தண்ணீரில் கை வைத்து நாள் முழுக்க நின்றபடி வேலை. நெருப்பில் வெந்த விரல் நுனி பனிக்கட்டியில் வெடிக்கும். திரும்பி வந்தபின் அவர்கள் எடுக்கும் ரேகில் ஒரு மாதம் வரை லேசாக இறால் மணக்கிறதோ என்று மங்கதாயாருக்குச் சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும்.

அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்கு வந்த வெங்கடரத்னம் என்பவர் பந்தியில் வெல்லப் பூதரேகு ஒன்றைத் தின்றுவிட்டு, செய்தவர் வீடு எது என்று விசாரித்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கே வந்துவிட்டார். ராஜமந்திரியில் கோதாவரி தீபம் என்கிற சூப்பர் மார்க்கெட்டுக்கு அவர்தான் மேனேஜர். பில் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தட்டு ஒதுக்கித் தருவதாகவும், பெரிய பண்டிகையான சங்கராந்திக்கு முந்தைய ஆறு நாள் வைத்துப் பார்க்கலாம் என்றும், ஓடினால் வருஷம் முழுக்க அந்தத் தட்டு அவர்களுக்கே என்றும் சொன்னார். ஒரே நிபந்தனை: பார்கோடு இல்லாமல் கடைக்குள் ஒரு கடுகும் நுழையாது.

அவர் போனபின் சத்தெம்மா துணியை மாவில் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்ப இந்த வருஷம் எறால் நாத்தம் இல்லையா மதினி?"

"இல்ல," என்றாள் மங்கதாயாரு.

மங்கதாயாரு எதையும் சட்டென்று வாக்குக் கொடுக்கிறவள் இல்லை. அதனால் அந்த ஒரு சொல்லை நம்பி ஆறு பேரும் பீமவரத்து மேஸ்திரியிடம் இந்த முறை வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மேஸ்திரி வேறு ஆட்களைப் பிடித்துக்கொண்டார்.

பார்கோடு என்ற சொல் கொட்டகைக்குள் விழுந்ததும் கொண்டலராவு தன் வாழ்நாளில் முதல்முறையாகப் புகையைப் பொருட்படுத்தாமல் வாசல்வரை வந்தார். அதெல்லாம் என் இலாகா என்றார். காக்கிநாடாவில் சிறுதொழில் முனைவோருக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. போய், இரண்டு நாளும் மத்தியானச் சாப்பாடு வரை இருந்து, சான்றிதழோடு திரும்பினார். அன்று முதல் டீக்கடையில் வேறு யாரும் வாய் திறக்க முடியவில்லை. பார்கோட்டில் எத்தனை வகை தெரியுமா என்று ஆரம்பிப்பார். கடைச் சாமானுக்குப் பதின்மூன்று எண் போட்ட கோடு. அதில் முதல் மூன்று எண் எட்டு, ஒன்பது, பூஜ்யம் என்றிருந்தால் இந்தியாவில் வாங்கிய எண். அட்டைப்பெட்டிக்கு வெளியே போடுவது தடித்த கோடு, அதில் எண் பதினாலு. கூரியருக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. போனில் பணம் அனுப்புகிற சதுரப் புள்ளிக்கோலம் வேறு, மாத்திரை அட்டையின் முதுகில் எறும்பு மொய்த்தாற்போல் இருக்கிற பொடிச் சதுரம் வேறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பு, ஒரு வேலை, ஒரு இடம். ஒன்றின் இடத்தில் இன்னொன்று போய் உட்காரக் கூடாது. டீக்கடைக்காரர் தன் கடைச் சுவரில் ஒட்டியிருந்த சதுரத்தை ஒருமுறை மரியாதையாகத் துடைத்துவிட்டார்.

எண் முறைப்படி வந்து சேர்ந்தது. சர்க்கரைக்கு ஒன்று, வெல்லத்துக்கு ஒன்று என்று இரண்டு கேட்கலாமே என்று மங்கதாயாரு சொல்லிப் பார்த்தாள். முதலில் வெல்லம், பிறகு மற்றது என்று மேனேஜிங் டைரக்டர் தீர்மானித்தார். எண்ணைக் கொண்டுபோய்ப் பெட்டியில் அச்சடிப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்தது, அதே தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் பேரய்யாவை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. பேரய்யா அச்சகத்தில் மஞ்சள் அட்டையும் குங்குமச் சிவப்பு மையும் ஏராளமாக மிஞ்சிக் கிடந்தன.

"கறுப்புல போடணும்னு நம்பரோட வந்த காகிதத்துல எழுதியிருக்கே அண்ணே," என்றார் பேரய்யா.

"எழுதினவன் எங்க இருக்கான்? டில்லில. அவனுக்குச் சுபம் அசுபம் தெரியுமா? பண்டிகைக்கு வர்ற மாப்பிள்ளை கையில குடுக்கிற பெட்டிய்யா இது. அது மேல முப்பது கறுப்புக் கோடு போட்டா எப்படி இருக்கும்?"

"கருமாதிக் கடுதாசி மாதிரி இருக்கும்."

"அதைத்தான் சொல்றேன்."

பேரய்யா முப்பது வருஷமாக நல்ல காரியத்துக்குக் கறுப்பு மையைத் தொட்டதில்லை. இருவருக்கும் ஒரே கருத்து இருந்ததால் விவாதம் அதோடு முடிந்தது. மஞ்சள் பெட்டி; அதன் நான்கு மூலையிலும் குங்குமப் பொட்டு; அடியில் குங்குமச் சிவப்பில் முப்பது கோடு. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கொண்டலராவு போனில் ஏதோ ஒரு செயலியை இறக்கி, பெட்டியைக் காட்டினார். போன் பீப் என்றது. பதின்மூன்று எண்ணும் திரையில் பிசகாமல் வந்தன.

கடை மிஷினிலும் ஒரு தடவை காட்டிப் பார்த்துவிட்டு மீதியை அடிக்கலாமே என்றாள் மங்கதாயாரு. கையளவு போன் படித்துவிட்டதை அவ்வளவு பெரிய கடையின் மிஷின் படிக்காதா என்று அவர் கேட்டார். அவள் பானைப் பக்கம் ஓடினாள். ரேகு கருகிக்கொண்டிருந்தது.

*

அறுநூறு பெட்டி. பனி இறங்குகிற மாதம் என்பதால் ரேகு துவண்டுவிடாமல் ஒவ்வொரு கட்டையும் அடுப்படிச் சூட்டிலேயே வைத்து மடித்து, உடனே பெட்டியில் போட்டு மூடினார்கள். சின்ன வண்டி ஒன்றில் ஏற்றி, மங்கதாயாரு பின்னால் பெட்டிகளோடு உட்கார்ந்தாள். கொண்டலராவு பட்டு உத்தரியம் போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். தவளேஸ்வரம் அணைப் பாலத்தில் வண்டி ஒவ்வொரு மூட்டிலும் குலுங்க, மங்கதாயாரு பெட்டியடுக்கைப் பச்சைக் குழந்தையைப்போல அணைத்துக்கொண்டே வந்தாள்.

பத்து மணிக்குக் கடை திறந்தது. மஞ்சளும் குங்குமமுமாகத் தட்டு நிறைந்திருந்ததைப் பார்த்து வெங்கடரத்னமே ஒரு நிமிஷம் கைகட்டி நின்றார். பத்தேகாலுக்கு முதல் பெட்டி பில் போடும் இடத்துக்குப் போனது. பில் போடுகிற பெண் பிரசூனா பெட்டியைக் கோடு படிக்கிற மிஷினின் கண்ணாடிமேல் இழுத்தாள். சத்தம் இல்லை. திருப்பி இழுத்தாள். துப்பட்டாவால் துடைத்து இழுத்தாள். சாய்த்து, நிமிர்த்தி, தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு பெருமூச்சு விட்டுப் பதின்மூன்று எண்ணையும் கையால் தட்டினாள். இரண்டாவது பெட்டிக்கும் தட்டினாள். மூன்றாவதாக வந்த அம்மாளுக்கு மூன்று மருமகன்கள். ஆளுக்கு ஒன்று, வீட்டுக்கு இரண்டு என்று ஐந்து பெட்டி வைத்திருந்தாள். அதற்குப் பின்னால் வரிசை தயிர் வைத்திருக்கும் அலமாரி வரை போயிருந்தது. வரிசையில் கையில் ஒரே ஒரு பால் பாக்கெட்டோடு நின்ற ஆள், இதற்குள் மாடு கன்று போட, நானே கறந்திருப்பேன் என்றான்.

கொண்டலராவு முன்னால் போனார். கண்ணாடியில் தூசி இருக்கும் என்றார். மிஷின் பழசா என்று விசாரித்தார். தன் போனை எடுத்துக் காட்டினார். போன் பீப் என்றது.

"போன் படிக்கும் சார். அது நம்ம கண்ணு மாதிரி எல்லாக் கலரும் பார்க்கும்," என்றாள் பிரசூனா. "இது கண்ணாடிக்கு அடியில பாருங்க, செவப்பு விளக்கு. செவப்பு வெளிச்சத்துல செவப்புக் கோடு இருக்குமா? அதுக்கு இது வெறும் தாள். கறுப்புல போட வேண்டியதுதானே. யாரு சார் உங்களுக்குச் செவப்புன்னு சொன்னது?"

கொண்டலராவு அந்தக் கேள்வி தன்னை நோக்கிக் கேட்கப்படவில்லை என்பதுபோலக் கூரையைப் பார்த்தார். கூரையில் விளக்குகள் நன்றாக இருந்தன.

வெங்கடரத்னம் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தவில்லை. ஆனால் பண்டிகைக் கூட்டத்தில் பெட்டிக்குப் பெட்டி பதின்மூன்று எண் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்றார். தட்டில் இருந்ததையெல்லாம் எடுத்து உள்ளறையில் அடுக்கச் சொன்னார். "அம்மா, நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள பெட்டி படிக்கணும். இல்லன்னா அந்தத் தட்டு காஜா இனிப்புக்காரருக்குப் போயிடும். அவரு ஒரு வாரமா கேட்டுக்கிட்டிருக்காரு." அம்மா என்று அவர் கூப்பிட்டது மங்கதாயாருவை. மேனேஜிங் டைரக்டர் பக்கம் அவர் திரும்பவில்லை.

திரும்பும்போது கொண்டலராவு முன்னால் உட்காரவில்லை. உத்தரியத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.  பாலம் முடிந்ததும் அவர், சிவப்பு விளக்கு வைத்தது அவர்கள் தப்பு என்றார். மங்கதாயாரு, கொட்டகையில் போய் அதைச் சொல்லுங்கள் என்றாள்.

*

கொட்டகையில் அதைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. மங்கதாயாருவின் முகத்தையும் அவள் கையில் இருந்த மூன்று பெட்டிகளையும் பார்த்ததுமே கடைசிப் பானைவரை துணி இழுக்கிற சத்தம் நின்றுவிட்டது. நடந்ததை அவள் நாலே வாக்கியத்தில் சொன்னாள்.  மேஸ்திரியிடம் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டிருந்த ஆறு பேரும் தங்கள் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டார்கள்.

சத்தெம்மா மட்டும் நம்பவில்லை. கண்ணுக்கு முன்னால் இருக்கிற கோடு எப்படி இல்லாமல் போகும் என்றாள். மங்கதாயாரு யோசித்து, கொண்டலராவின் ஸ்கூட்டரைக் கொட்டகையின் இருட்டு மூலைக்கு உருட்டி வரச் சொன்னாள். பின்விளக்குக்கு நேராகப் பெட்டியைப் பிடித்தாள்.

"நீங்க ஏறி உக்காந்து பிரேக்கை மிதிங்க."

மேனேஜிங் டைரக்டர் ஏறி உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். சிவப்பு வெளிச்சம் பெட்டிமேல் விழுந்தது. குங்குமப் பொட்டு நாலும் மறைந்தன. முப்பது கோடும் மறைந்தன. வெறும் அட்டை. காலை எடுத்தார், கோடு வந்தது. மிதித்தார், போனது.

"அண்ணே, இன்னொரு தடவை," என்றாள் சத்தெம்மா.

அவர் மிதித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியும் வந்து பார்த்தாள். அவர் ஒன்பது தடவை மிதித்தார். கடைசியாக வந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் புகையைச் சாக்குச் சொல்லிக்கொண்டு வெளியே ஓடினாள். அதோடு கொட்டகையே சிரித்தது; மங்கதாயாருவும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கொண்டலராவு மட்டும் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

பேரய்யாவுக்குப் போன் போட்டார்கள். அச்சகம் பூட்டியிருந்தது. பண்டிகைப் பந்தயத்துக்குச் சேவல் வாங்கப் பேரய்யா காலையிலேயே பீமவரம் போய்விட்டார். அவர் மனைவியே அவரைத் தேடிக்கொண்டிருந்தாள். ராவுலபாலெம் அச்சகங்களிலும் பண்டிகைக்குப் பிறகுதான் என்றார்கள். கொண்டலராவு மனம் தளரவில்லை. மங்கதாயாருவின் கண்மைப் பென்சிலையும் மரத்தாலான அளவுகோலையும் எடுத்துக்கொண்டு ஒரு பெட்டியோடு வெயிலில் உட்கார்ந்தார். சிவப்புக் கோட்டின்மேல் கறுப்புக் கோடு. முப்பது கோட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. முடித்தபோது அது, கோழி மைக்கூட்டில் காலை விட்டுவிட்டுப் பெட்டிமேல் நடந்துபோனது மாதிரி இருந்தது. இந்த முறை போனும் படிக்க மறுத்துவிட்டது.

"பெட்டிக்குத் திருஷ்டிப் பொட்டு நல்லாத்தான் வச்சிருக்கீங்க அண்ணே," என்றாள் சத்தெம்மா. "இன்னும் ஐந்நூத்துத் தொண்ணூத்தி ஒம்பது இருக்கு. அடுத்த பெரிய பண்டிகைக்குள்ள முடிஞ்சிரும்."

மங்கதாயாரு கையிலிருந்த மாவைக் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏங்க, போன மாசம் உங்களைப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போனேனே, ராவுலபாலெத்துல. அங்க அந்தக் குட்டிக் குட்டிப் புட்டி மேல என்னமோ ஒட்டினாங்க. கறுப்புக் கோடுதானே அது?"

"அது லேப்."

"கறுப்புத்தானே?"

"கறுப்புதான். ஆனா அது வேற வகைடி. ஆஸ்பத்திரிக் கோடு. அதோட கட்டுமானமே வேற. கடைக்குக் கடைக் கோடு, ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரிக் கோடு. காக்கிநாடால படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. அதைக் கொண்டாந்து தின்பண்டத்து மேல ஒட்டறதாவது."

சத்தெம்மா துணியை மாவில் நனைத்தாள்.

"மனுசங்களுக்குத்தான் இதுன்னு நெனச்சேன். கோட்டுலயும் சாதியா?"

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. கொண்டலராவு தொண்டையைச் செருமினார். அவள் அப்படிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தார். பிறகு, அவள் வீட்டுத் தண்ணீர்க்குடம் எந்தக் குழாயில் நிற்கும் என்பது நினைவு வந்தது. 

"உள்ள இருக்கிற நம்பர் ஒண்ணுதானே?" என்றாள் மங்கதாயாரு. "மிஷினுக்கு நம்பர்தானே வேணும். எந்தத் துணி கட்டிக்கிட்டு வந்தா அதுக்கென்ன?"

"படிக்காது."

"படிக்கலைன்னா காஜாக்காரருக்குப் போகட்டும். படிக்காதுன்னு உக்காந்திருந்தாலும் அவருக்குத்தான் போகுது."

அந்த லேபில் வேலை பார்ப்பது சத்தெம்மாவின் அக்கா மகள் கருணா. டாக்டர் ஆறு மணிக்குத்தான் வருவார். அதற்குள் வந்தால் செய்து தருகிறேன் என்று போனில் சொன்னாள். மூன்றரை மணிக்குக் கணவனும் மனைவியும் ஸ்கூட்டரில் போனார்கள். பிரேக் அடிக்கும்போதெல்லாம் கொண்டலராவுக்கு ஏதோ போலிருந்தது.

லேபுக்குள் டெட்டால் வாசனை. கருணா பெட்டியிலிருந்த பதின்மூன்று எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துக்கொண்டாள். சிக்கல் ஒன்றுதான் என்றாள். பெயர் இல்லாமல் இந்த மிஷின் சீட்டு அடிக்காது. புதுப்பெயர் போடவேண்டுமானால் டாக்டர் சீட்டு வேண்டும். "பழைய பதிவு எதையாச்சும் தெறந்து நம்பரை மட்டும் மாத்திடறேன் அத்தை." எதையோ செய்யம்மா, கோடு கறுப்பாக இருந்தால் போதும் என்றாள் மங்கதாயாரு. அந்நேரம் கொண்டலராவு வாசலில் நின்று, கால் கட்டோடு உட்கார்ந்திருந்த ஒருவருக்கு, மாத்திரை அட்டையில் இருக்கும் பொடிச் சதுரம் எப்படிப் போலி மருந்தைக் காட்டிக்கொடுக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். கால் கட்டுக்காரரால் எழுந்து போக முடியவில்லை.

செங்கல் அளவு இயந்திரம் ஒன்று நாக்கை நீட்டுவதுபோல ஒட்டுச்சீட்டை நீட்டிக்கொண்டே இருந்தது. அறுநூறு சீட்டு, வெள்ளையில் கறுப்பு, இரண்டு சுருளாக. கருணா லேப் மிஷினில் ஒன்றைக் காட்டினாள், படித்தது. கொண்டலராவு போனில் காட்டினார், படித்தது. "இதெல்லாம் இந்த வகைக்குப் பழகின மிஷின்," என்றார். கருணா காசு வாங்க மறுத்தாள். வெல்லப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டாள். மங்கதாயாரு அன்று சாயங்காலம் வழக்கம்போல் அரிசி ஊறவைத்தாள். வழக்கத்தைவிடக் குறைவாக ஊறவைக்கலாமா என்று ஒரு நொடி படியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டு, முழுதாகவே போட்டாள்.

*

மறுநாள் காலை கால்வாய் தெரியாத அளவுக்குப் பனி. வண்டியில் ஏழு பெண்களும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொண்டலராவு ஸ்கூட்டரில் பின்னால் வந்தார். ஏழரைக்கெல்லாம் கடையின் பின்வாசல் திறந்து, உள்ளறையில் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஒட்டத் தொடங்கினார்கள். மெல்லிய ரேகுகளை உரித்துப் பழகிய விரல்களுக்கு ஒட்டுச்சீட்டு உரிப்பது விளையாட்டாக இருந்தது. குங்குமக் கோட்டின்மேல் வெள்ளைச் சீட்டு விழுந்து விழுந்து ஒட்டியது. ஏசிக் காற்று நேராகச் சத்தெம்மாமேல் அடித்தது. "நமக்கெல்லாம் அடுப்படில இந்த மாதிரி ஒண்ணு மாட்டினா ரேகு பானைக்குப் பதிலா நம்ம மேல ஒட்டும்," என்றாள். ஒன்பதேகாலுக்கு முடிந்தது. மீதி நேரம் அவர்கள் கடையைச் சுற்றிப் பார்த்தார்கள். அரிசி வரிசையில் நின்று ஒரு பாக்கெட்டின் விலையைக் கேட்டுவிட்டு, அதைத் திரும்ப வைக்கும்போது சத்தெம்மா அதற்கு ஒரு கும்பிடு போட்டாள்.

பத்து மணி. வெங்கடரத்னம் வந்து நின்றார். காஜாக்காரர் இரண்டு கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். பண்டிகை வேட்டி கட்டியிருந்தார். மங்கதாயாரு ஒரு பெட்டியைப் பிரசூனாவிடம் கொடுத்தாள். மற்ற ஆறு பேரும் எண்ணெய் வரிசைக்கும் சோப்பு வரிசைக்கும் நடுவில் நின்றார்கள். 

பிரசூனா பெட்டியைக் கண்ணாடிமேல் இழுத்தாள்.

பீப்.

திரையில் ஆத்ரேயபுரம் வெல்லப் பூதரேகுலு என்று வந்தது. பக்கத்தில் விலை வந்தது. மற்றொன்றை இழுத்தாள், வந்தது. வேகமாக இழுத்தாள், வந்தது. தலைகீழாக இழுத்தாள், அப்போதும் வந்தது.

"எந்த வகையா இருந்தாலும் படிக்குமா இது?" என்று மங்கதாயாரு கேட்டாள்.

"எல்லாம் படிக்கும்மா. அது என்ன வகைன்னு அதுக்கு எதுக்கு? நம்பர் வந்தா சரி."

சத்தெம்மா கொண்டலராவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்கு அவள் பட்ட பாடு அவருக்குத் தெரிந்தது.

பிரசூனா பெட்டியைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய்ச் சீட்டைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சார் பேருதான் கொண்டலராவுங்களா?"

அவர் நிமிர்ந்தார். நேற்று முதல் வளைந்திருந்த முதுகெலும்பு ஒவ்வொரு கண்ணியாக நேரானது. "ஆமாங்க. முத்யால கொண்டலராவு. மேனேஜிங் டைரக்டர்," என்று கார்டை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். தோள்கள் குலுங்கின. இந்தக் காலத்துப் பெண்களுக்கும் மரியாதையும் கூச்சமும் இருக்கத்தான் செய்கிறது என்று அவர் பிற்பாடு டீக்கடையில் சொன்னார்.

வெங்கடரத்னம் தட்டை நிரப்பச் சொன்னார். காஜாக்காரருக்குப் பிஸ்கட் பக்கம் ஒரு மூலை கிடைத்தது. ஆறு நாளுக்கென்று வைத்ததில் ஒன்று தவிர எல்லாம் நாலாம் நாளே தீர்ந்தன. அடுத்த முறை ஒழுங்காகக் கறுப்பில் அச்சடித்து வரும்படியும், தட்டு இனி வருஷம் முழுக்க அம்மாவுடையது என்றும் அவர் போனில் சொன்னபோது மங்கதாயாரு பானை முன்னால் இருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே ஒரு ரேகு உரித்தெடுத்து வைத்துவிட்டு, "இல்ல," என்று மட்டும் சத்தெம்மாவிடம் சொன்னாள். இறால் நாற்றம்தான் இல்லை என்று கொட்டகைக்கே தெரிந்தது. ஓலையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்கள்.

போகியன்று அடுக்கின் அடியில் மூலை நசுங்கிப்போன ஒரே ஒரு பெட்டி கடையிலிருந்து திரும்பி வந்தது. சங்கராந்தி மத்தியானம், வெல்லப் பொங்கலும் கத்தரிக்காய்க் காரக்குழம்பும் ஆனபின், கொண்டலராவு அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பண்டிகைக்கு வந்திருந்த உறவுக்காரர்கள் எட்டுப் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். பார்கோட்டில் எத்தனை வகை என்று தொடங்கி, கடைக் கோட்டையும் ஆஸ்பத்திரிக் கோட்டையும் ஒரே பெட்டியில் இணைத்தது இந்த ஜில்லாவிலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும் என்று முடித்து, ஒட்டுச்சீட்டைக் காட்டுவதற்காகச் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து அந்த வாரத்தில் முதல்முறையாகப் போட்டுக்கொண்டார்.

கோடுகளுக்கு மேலே பொடி ஆங்கில எழுத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது. எம். கொண்டலராவு, ஆண், 58, சிறுநீர்.